நாலாவது ஜாயிண்டு

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில். மேல்காற்று. கண்ணெல்லாம் புழுதி.

இந்த டைரி பிரஸ்ஸில் கழித்துப் போட்டது. மார்ச் இரண்டு தடவை இருக்கிறது, ஏப்ரல் இல்லை. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு நானே தேதி போட்டுக்கொள்கிறேன். முதியோர் வகுப்பு டீச்சர் சொன்னது: தினமும் பத்து வரி எழுதுங்க, யாருக்கும் காட்ட வேண்டாம். போன வருஷம் தை மாசம்தான் 'அ' பிடித்தேன். வயது எழுபத்தொன்று. ஒரு வரி எழுத ஒரு வெற்றிலை மென்று முடிக்கும் நேரம். முடித்தபின் வாசித்துப் பார்த்தால் நான் நினைத்ததையே அது திருப்பிச் சொல்கிறது. அதில் இருக்கும் சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

இன்றைய விஷயம். பெரிய முதலாளியின் மகன், சின்ன முதலாளி, கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய காலண்டர் பிரஸ் குடோனில் நிற்கவைத்துச் சொன்னார்.

"தாத்தா, தப்பா நினைக்காதீக. அடுத்த திங்கக்கிழமை காலண்டர் பேப்பர் லோடு வருது. அந்த மூலை எனக்கு வேணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள வண்டியை எடுத்துருங்க. இல்லைன்னா பாண்டிகிட்ட சொல்லியாச்சு."

பாண்டி காயலாங்கடைக்காரர். அவர் வந்தால் செயின் போட்டு வாசலுக்கு இழுப்பார். அங்கேயே இரண்டாக வெட்டி ஏற்றிக்கொண்டு போவார்.

வண்டி பத்மினி கார். பாலாடை நிறம். பெரிய முதலாளியோடது. அவருடைய பட்டாசு கம்பெனியில் நான் மருந்து ரூமில் நாற்பத்தொரு வருஷம். மருந்து கலப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் கார் கழுவுவது நானாகப் போட்டுக்கொண்ட வேலை. அவருக்குக் கண் மங்கியதும் சாவியை என் கையில் வைத்து, "நீதானப்பா கழுவுன, நீயே வச்சுக்கோ" என்றார். அந்த வாரமே ஒரு லாரி ரிவர்ஸில் வந்து முன்பக்கம் ஏறியது. அடியில் ஸ்டியரிங் ராடு இரண்டு வளைந்துபோனது. பதினோரு வருஷமாக இந்தக் குடோன் மூலையில் அப்படியே நிற்கிறது. ஒரு முன்சக்கரம் சாத்தூரைப் பார்க்கிறது, இன்னொன்று விருதுநகரைப் பார்க்கிறது.

என் வீட்டுப் பக்கத்தில் காலி இடம் இருக்கிறது. குடோனிலிருந்து மூன்று தெரு. தள்ளிக்கொண்டே போய்விடலாம். ஆனால் குடோன் சந்து முழங்கை மாதிரி மடங்கும். சக்கரம் திரும்பாமல் அந்த மடக்கைத் தாண்ட முடியாது.

அதனால்: வளைந்த ராடு இரண்டையும் கழற்ற வேண்டும். நேரான ராடு மாட்ட வேண்டும். ஆறு நாள்.

முடியும்.

பொன்னுத்தாய் எட்டிப் பார்த்தாள். "என்ன எழுதுறீக?"

"உன்னைத் திட்டி எழுதுறேன்."

"நல்லா எழுதுங்க. எனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே."


ஜூன் 10, செவ்வாய்

மாடசாமி எட்டரை பஸ்ஸில் சாத்தூரிலிருந்து வந்தான். பொன்னுத்தாயின் தம்பி. லாரி பட்டறையில் முப்பத்தைந்து வருஷம். இப்போது வலது தோள் தூக்க வராது, தொப்பை குனிய விடாது. வாய் மட்டும் நன்றாக வேலை செய்கிறது. பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். சொல்வது அவன், செய்வது நான்.

ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் கட்டை வைத்து, வலது முன்சக்கரம் கழற்றினோம். குனிந்து பார்த்தேன். நாற்பது வருஷம் மேலே கழுவியிருக்கிறேன், அடியைப் பார்த்ததில்லை.

புரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன், மறக்காமல் இருக்க:

ஸ்டியரிங் பெட்டியிலிருந்து ஒரு கை தொங்குகிறது. வலது பக்கம். அதே மாதிரி இடது பக்கம் ஒரு சும்மா கை. இரண்டையும் சேர்ப்பது நடு ராடு. வளைந்திருக்கிறது. வலது கையிலிருந்து வலது சக்கரத்துக்குப் போவது பக்க ராடு. அதுவும் வளைந்திருக்கிறது.

கழற்ற வேண்டிய ஜாயிண்டு நாலு:
1. பக்க ராடு, சக்கரத்து முனை
2. பக்க ராடு, கை முனை
3. நடு ராடு, இடது முனை
4. நடு ராடு, வலது முனை

ஒவ்வொன்றும் கூம்பு. கூம்பான ஓட்டைக்குள் கூம்பான ஆணி. மேலே கிரீடம் மாதிரி வெட்டு வைத்த நட்டு. நட்டைக் கழற்றினாலும் ஆணி வராது. துரு அதை ஓட்டையோடு ஒட்ட வைத்துவிட்டது.

உள்ளே போகுமுன் இரண்டு வாளித் தண்ணீர் எடுத்துத் தரையில் ஊற்றினேன். குடோன் இரும்புத் தூணில் உள்ளங்கையை வைத்து எடுத்தேன்.

"என்ன மச்சான், வண்டிக்குச் சாமி கும்பிடுறீகளா?"

மருந்து ரூம் வாசலில் செப்புத் தகடு இருக்கும். உடம்பில் இருக்கும் கரண்ட் இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ரிட்டயர் ஆகி இத்தனை வருஷம் ஆன பிறகும் கை தானாகத் தேடுகிறது. காலில் செருப்பும் இல்லை.

"செருப்பைப் போடுங்க. நட்டு கால்ல விழுந்தாத்தான் தெரியும்."

பதினோரு மணிக்கு விழுந்தது. தெரிந்தது.

நட்டு நாலிலும் மண்ணெண்ணெயும் என்ஜின் ஆயிலும் கலந்து விட்டேன். சாயங்காலத்துக்குள் நாலும் கழன்றன. ஒரு நட்டுக்கு மட்டும் மாடசாமி ஸ்பேனர் முனையில் இரும்புக் குழாய் சொருகித் தர, நான் தொங்கினேன். பிறகு என் சுத்தியலை எடுத்து முதல் ஜாயிண்டைத் தட்டினேன். டொக். டொக்.

"என்ன சுத்தியல் இது?"

"பித்தளை."

"அது தெரியுது. இரும்பு எங்க?"

"எங்க வீட்டுல இரும்புச் சுத்தியல் கிடையாது மாப்ள."

"அப்ப ஆணி எப்படி அடிப்பீக?"

"குழவிக்கல்லுல."

"எங்க அக்காளை எந்த வீட்டுல குடுத்திருக்கோம்" என்றான்.

ஜாயிண்டு அசையவில்லை.

இன்று எழுத்துக் கூட்டாமல் வாசித்தவை: மணல் (வாளியில்). புகைபிடிக்காதே. கழிப்பறை. 'கழிப்பறை'யில் இரண்டு ற என்று நினைத்திருந்தேன், ஒன்றுதான்.


ஜூன் 11, புதன்

மேகம். மழை இல்லை. புழுக்கம்.

சாத்தூர் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் புல்லர் இரவல். நண்டு மாதிரி இரண்டு கால், நடுவில் திருகு. கால் இரண்டும் ஓட்டையைச் சுற்றியுள்ள இரும்பைப் பிடிக்கும் (மாடசாமி அதைக் 'காது' என்கிறான்), திருகு ஆணியின் தலையை அழுத்தும். முறுக்க முறுக்க அழுத்தம் ஏறும். "தட்டாதீக, முறுக்கி வச்சுட்டு அங்கிட்டு வாங்க. அது தானா யோசிக்கட்டும்" என்றான் மாடசாமி.

முதல் ஜாயிண்டில் மாட்டி இரண்டு கையாலும் முறுக்கிவிட்டு டீ குடிக்கப் போனோம். வந்து பார்த்தால் கழன்று தொங்குகிறது. ஒரு சத்தம் இல்லை. யாரும் பார்க்காதபோது எழுந்து போன விருந்தாளி மாதிரி.

ஒன்று.

இரண்டாவது பிடிவாதம். முறுக்கியும் யோசிக்கவிட்டும் பயனில்லை. மாடசாமி, "கொஞ்சம் சூடு காட்டணும் மச்சான். கேஸ் அடுப்பு முனை இருந்தா..." என்று ஆரம்பித்தான். நான் பொன்னுத்தாய்க்குப் போன் போட்டேன்.

"கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணி கொண்டா. குண்டான் நிறைய."

"யாருக்குப் பிரசவம்?"

கொண்டுவந்தாள். ஆட்டோவில், குண்டான் வாயில் துணி கட்டி. கையின் காதில் சுற்றி ஊற்றினேன், காது விரியட்டும் என்று. இரண்டு குண்டான் வீண். மூன்றாவது குண்டானில் ஒரு கிறீச். பக்க ராடு என் மார்பில் வந்து விழுந்தது. வலியே தெரியவில்லை.

இரண்டு.

மாடசாமி ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து பார்த்தான். "முப்பத்தஞ்சு வருசத் தொழில்ல சுடுதண்ணிக்குக் கழண்ட ஜாயிண்டை இன்னைக்குத்தான் பாக்கேன்."

சாப்பாட்டு நேரத்தில் பைண்டிங் பெண்கள் நாலு பேர் வந்து நின்றார்கள். ஒருத்தி, "தாத்தா, இது தீபாவளிக்கு ஓடுமா?" இன்னொருத்தி, "எந்தத் தீபாவளின்னு கேளுடி." சிரித்துக்கொண்டே போனார்கள். நானும் சிரித்தேன். இவர்கள் இருக்கும் ரூம் சுவருக்கு அந்தப் பக்கம்தான். அங்கே தரையிலிருந்து கூரை வரை பேப்பர்.

வளைந்த பக்க ராடை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பொன்னுத்தாய் அதைக் கொடிக்கம்பியில் துணி தூக்க வைத்துக்கொண்டாள்.


ஜூன் 12, வியாழன்

விடியற்காலையில் குடோனுக்குப் போய் மூன்றாவது ஜாயிண்டில் புல்லரை மாட்டி முறுக்கிவிட்டு மதுரை பஸ் ஏறினோம். ராடு வாங்க. போர்டை நான் முதலில் வாசித்தேன். மாடசாமி கண்ணாடி தேடிக்கொண்டிருந்தான். "மதுரைதான், ஏறு" என்றேன். இதைச் சொல்ல எழுபத்தொரு வருஷம் ஆகியிருக்கிறது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

விருதுநகரில் மிளகாய் மூட்டை ஏற்றிய லாரிக்குப் பின்னால் சிக்கினோம். பஸ் முழுக்கத் தும்மல். கண்டக்டர் தும்மிக்கொண்டே டிக்கெட் கிழித்தார்.

பழைய சாமான் கடை. கதவு ஒரு குவியல், லைட்டு ஒரு குவியல். கடைக்காரர் என்னை மாதிரிக் கிழவர். பத்மினி என்றதும் உள்ளே போனார். அரை மணி நேரம் ஆளைக் காணோம். சத்தம் மட்டும். நடு ராடும் பக்க ராடும் கொண்டுவந்து போட்டார். பக்க ராடுக்கு வீட்டிலிருந்து அளவுநூல் கொண்டு போயிருந்தேன். நடு ராடு இன்னும் வண்டியில் இருப்பதால் சாண் கணக்கு. நாலு சாண், இரண்டு விரல். சரி. பேச்சு வார்த்தை மாடசாமி பார்த்துக்கொண்டான். நான் சுவரில் இருந்த எழுத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். விற்ற பொருள் திரும்ப வாங்கப்பட மாட்டாது. 'வாங்கப்பட' கஷ்டம்.

"வண்டி ஓடுதா?" கடைக்காரர் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை ஓடும்."

"என்ஜினு?"

"என்ஜினு பிறகு. முதல்ல உருளட்டும்."

நாலு மணிக்குத் திரும்பிக் குடோன். மூன்றாவது காலையில் விட்ட மாதிரியே இருந்தது. வருத்தமாகிவிட்டது. சும்மா ஒரு கால் சுற்று முறுக்கினேன். கழன்றது. நாள் முழுக்க அந்தக் கால் சுற்றுக்காகக் காத்திருந்திருக்கிறது.

மூன்று.

இனி ஒன்றுதான். முழங்கால் வீங்கியிருக்கிறது. பொன்னுத்தாய் எண்ணெய் போட்டுவிட்டாள். "காருக்குப் போட்ட எண்ணெயையா எனக்கும் போடுற?" "ரெண்டும் ஒரே துருதான" என்றாள்.


ஜூன் 13, வெள்ளி

வெயில். காற்றும் இல்லை.

நல்ல நாள் இல்லை. அதையும் எழுத வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.

நாலாவது ஜாயிண்டு ஸ்டியரிங் பெட்டிக்கு ஒட்டி இருக்கிறது. புல்லர் நேராக உட்கார இடம் இல்லை. சாய்வாக மாட்டி முறுக்கினேன். பத்து மணிக்குப் புல்லரின் ஒரு கால் முறிந்தது. இரவல் சாமான்.

சுடுதண்ணீர் ஆறு குண்டான். பலன் இல்லை. ராடு இரும்புக்குக் கீழே கட்டை கொடுத்து நெம்பினேன். கட்டை உடைந்தது.

பிறகு பித்தளைச் சுத்தியல். பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை. மாடசாமி முதலில் எண்ணினான். முந்நூறுக்கு மேல் விட்டுவிட்டான். சுத்தியல் முகம் தோசை மாதிரி பரந்து போய்விட்டது, ஜாயிண்டில் ஒரு கீறல் இல்லை.

மாடசாமி சொல்லாமல் எழுந்து போனான். நாலு மணிக்கு ஆட்டோவில் வந்தான். சிலிண்டர், ட்யூப், வெல்டிங்காரருடைய கண்ணாடி.

"ரெண்டு நிமிசம் மச்சான். சிவக்கக் காட்டினா தன்னால விழும்."

"வேண்டாம்."

"தண்ணி வச்சுக்கிடுவோம். மணல் வாளி இருக்கு. நீங்க வெளிய போய் நில்லுங்க."

"வேண்டாம் மாப்ள. சுவருக்கு அங்கிட்டு பேப்பர். இருபது பிள்ளைகள் இருக்கு."

"நான் இதைவிட நெருக்கத்துல டீசல் டேங்குக்குப் பக்கத்துல காட்டியிருக்கேன். ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகலன்னுதான் எல்லாரும் சொல்லுவாக. ஆகுற வரைக்கும்."

வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டேன். குரல் உயர்ந்துவிட்டது. எனக்கு அப்படி உயராது. மாடசாமி முகம் சிவந்தது.

"அப்ப ஞாயித்துக்கிழமை பாண்டி வெட்டிக்கிட்டுப் போகட்டும். நீங்க பித்தளையில மணி அடிச்சுக்கிட்டே இருங்க."

போய்விட்டான். ஆட்டோவும் சிலிண்டரும் போயின.

அவன் சொன்னது சரிதான். இரும்பை இரும்பால்தான் அடிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமையே தெரியும். இன்றைய நாளைப் பித்தளையில் வீணாக்கியது நான்தான். மருந்து ரூமில் பொறி பறக்கும் என்று இரும்புச் சுத்தியலையே தொட மாட்டோம். எங்கள் கம்பெனி ஆளைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். பொன்னுத்தாய் சுத்தியலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளும் அதே கம்பெனிதான். சரவெடிக்குச் சரம் பின்னும் ஷெட்.

"இதுல அடிச்சா எப்படி அசையும்? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பிறகு என்ன?"

"கை போக மாட்டேங்குது."

பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "எனக்கும் போகாதுதான். நாளைக்கு நானும் வாறேன்" என்றாள்.


ஜூன் 14, சனி

முதலில் இதை எழுதிவிடுகிறேன். நாலு.

இனி வரிசையாக.

காலை ஏழு மணிக்குக் குடோன் திறக்கப் போனால் வாசலில் மாடசாமி. முதல் பஸ். ஒரு சாக்கில் இரும்புச் சுத்தியல் இரண்டு, ஒரு கடப்பாரை. என்னோடு பேசவில்லை. அக்காவோடு பேசினான்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லு. நெருப்பு வேண்டாம்னா இதுதான் வழி. ரெண்டு சுத்தியல். கையோட காதுல ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல விழணும். காது நசுங்கி விரியும், ஆணி விடும். முன்னப் பின்ன விழுந்தா பிரயோசனம் இல்ல."

நான் அடுத்தாற்போல் நிற்கிறேன். பொன்னுத்தாய் என்னைப் பார்த்து, "அவன் சொன்னது கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சு. ரெண்டாவது சுத்தியல் யாருன்னு கேளு. அவனுக்குத் தோள் வராதே."

"ஏலே, ரெண்டாவது யாருன்னு கேக்காக."

மாடசாமி கடப்பாரையைக் காட்டினான். "நான் இது. நடு ராடுக்கு அடியில குடுத்து, மறுமுனையில ஏறி உட்காருவேன். என் வெயிட்டு ராடைக் கீழ இழுக்கும். சுத்தியலுக்கு வேற ஆளு பாருங்க."

பொன்னுத்தாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு சுத்தியலை எடுத்தாள்.

"அக்கா, உனக்கு அறுபத்தாறு வயசு."

"உனக்கு அறுபத்தி மூணு. நீ கடப்பாரையில உட்காரலையா?"

தரையில் நாலு வாளித் தண்ணீர் ஊற்றினேன். ஈரச் சாக்கைச் சுவர்ப் பக்கம் தொங்கவிட்டேன். தூணைத் தொட்டேன். எனக்குப் பின்னால் அவளும் தொட்டாள். மாடசாமி கடப்பாரையை ராடுக்கு அடியில் கொடுத்து ஏறி உட்கார்ந்தான்.

கழற்றிய சக்கரத்தின் இடத்தில் நான். பம்பருக்கு அடியில் அவள். நடுவில் அந்தக் காது. ஓங்கினேன். ஒரு விரல் இடைவெளியில் கை நின்றுவிட்டது. மறுபடி ஓங்கினேன். மறுபடி நின்றது. இரும்பை இரும்பில் போட்டதே இல்லை இந்தக் கை. வேர்த்துவிட்டது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு அடி போட்டாள். சிறிய பொறி ஒன்று. ஈரத்தில் விழுந்து செத்தது. இரண்டு பேரும் அது விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அம்புட்டுத்தான்" என்றாள்.

பிறகு என் கை போனது.

ஆனால் சேரவில்லை. நான் முந்தினால் அவள் பிந்தினாள். டங்-டங், டங்-டங். மாடசாமி கடப்பாரை மேலிருந்து, "கல்யாணம் ஆகி நாப்பத்தஞ்சு வருசம், இன்னும் சேர்ந்து ஒரு அடி போடத் தெரியல" என்றான். பொன்னுத்தாய், "நீங்க எண்ணாதீக, நான் எண்ணுறேன்" என்றாள். சரம் பின்னும்போது அவர்கள் ஷெட்டில் வாய்க்குள்ளேயே எண்ணுவார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, மடக்கு. மடக்கு என்ற சொல்லுக்கு இரண்டு கையும் சேர வேண்டும். அப்படி எண்ணினாள். மூணு, மடக்கு. மூணு, மடக்கு. அவள் வாயைப் பார்த்து நான் அடித்தேன்.

ஆறாவது மடக்கில் இரண்டு சத்தம் ஒன்றாகிவிட்டது. பத்தாவதில் இரும்புக் காதின் சத்தம் ஒரு மாதிரி மாறியது. எத்தனையாவது என்று தெரியவில்லை.

டமார்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது, நான் குடோனுக்கு வெளியே முற்றத்தில் நிற்கிறேன். மூச்சு வாங்குகிறது. பக்கத்தில் பொன்னுத்தாய். அவள் மணிக்கட்டு என் கையில். வீங்கின முழங்காலோடு எப்படி ஓடினேன், எப்போது அவளைப் பிடித்தேன், ஒன்றும் தெரியாது. எங்கள் கம்பெனியில் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது, ஓட வேண்டும். ஓடியிருக்கிறோம்.

உள்ளேயிருந்து மாடசாமியின் குரல். "வண்டி வெடிக்கலப்பா. ரெண்டு பேரும் உள்ள வாங்க. என்னையத் தூக்குங்க."

கடப்பாரை நழுவி ஈரத்தில் மல்லாந்து கிடந்தான். அவன் காலுக்குப் பக்கத்தில் நடு ராடு. விழுந்த ஆள் சிரித்துக்கொண்டே இருக்கிறான். எழுந்திருக்க முடியாத அளவு சிரிப்பு. பொன்னுத்தாயும் வாயைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்தாள். நான் மட்டும் கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை. அவள் கையை விடவும் இல்லை. கம்பெனியில் அஞ்சாம் நம்பர் ரூம் வெடித்துப்போன அன்றைக்கும் இவளை இப்படித்தான் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். அப்போது எனக்கு இவள் பேர்கூடத் தெரியாது. அதன் பிறகுதான் பெண் கேட்டுப் போனது.

மாடசாமிக்கு அது தெரியும். சிரிப்பை நிறுத்திவிட்டு, "மச்சான், நேத்து சிலிண்டர் கொண்டாந்திருக்கக் கூடாது" என்றான்.

"விடு மாப்ள. சுத்தியல் கொண்டாந்தியே."

மத்தியானம் புது ராடு இரண்டும் மாட்டியாயிற்று. புது நட்டு, புது பின், கிரீஸ். நூல் கட்டி இரண்டு சக்கரத்தையும் நேர் பிடித்தோம். மாடசாமி வெளியில் நின்று ஸ்டியரிங்கைத் திருப்பினான். இரண்டு சக்கரமும் ஒன்றாகத் திரும்பின. இடது. வலது. இடது. நாலு தடவை திருப்பச் சொன்னேன்.

புல்லர்க்காரரிடம் போய் முறிந்த காலைக் காட்டினேன். "இதுக்கு இன்னொரு கால் கிடக்கு தாத்தா, ஜாயிண்டு வந்துச்சா?" என்றுதான் கேட்டார். வந்தது என்றேன். கையில் கொப்புளம். பேனா பிடிக்க முடியவில்லை. ஆனாலும் இரண்டு பக்கம் எழுதிவிட்டேன்.


ஜூன் 15, ஞாயிறு

காலையில் லேசாகத் தூறல். புழுதி அடங்கியது.

டயருக்குக் காற்று. ஒன்று பிடிக்கவில்லை, சைக்கிள் கடைக்காரர் வந்து ஒட்டிக் கொடுத்தார். பிரேக் பிடித்திருந்தது, மாடசாமி தட்டிவிட்டான். பித்தளைச் சுத்தியலால். அதற்கு அது போதுமாம்.

ஒன்பதரைக்குப் பாண்டி வந்துவிட்டார். மினி வேன், செயின், சிலிண்டர். வண்டி நாலு சக்கரத்தில் நிற்பதைப் பார்த்தார். குனிந்து அடியையும் பார்த்தார்.

"யாரு கழட்டுனது?"

"நாங்கதான்."

"நெருப்பு வைக்காமலா?"

"வைக்காமத்தான்."

"என் கடைக்கு வேலைக்கு வாறீகளா தாத்தா?" என்றார். செயினை வேனிலேயே போட்டுவிட்டு வந்து பின்பக்கம் கை வைத்தார். சின்ன முதலாளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு பக்கம். சைக்கிள் கடைக்காரர் ஒரு பக்கம். நான் டிரைவர் கதவைத் திறந்தேன்.

"நீங்க உட்கார்ந்தா தள்ளுறது யாரு?" மாடசாமி. "நான் உட்கார்ந்தா டயர் தாங்காது. கனம் இல்லாத ஆளா உட்காரணும்."

எல்லாரும் பொன்னுத்தாயைப் பார்த்தோம்.

"எனக்கு என்ன தெரியும்?"

"நான் வலதுன்னா வலது. இடதுன்னா இடது. அம்புட்டுத்தான்" என்றேன்.

செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு ஏறினாள். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தாள். முதுகு சீட்டில் படவில்லை. தள்ளினோம். முதலில் அசையவில்லை. பிறகு ஒரு முனகல். பிறகு உருண்டது.

சந்து மடக்கு வந்தது. சுவருக்கு நாலு விரல். நான் "வலது, வலது, வலது" என்று கத்தினேன். "காது கேக்குது, கத்தாதீக" என்று உள்ளேயிருந்து பதில். திருப்பினாள். முன்சக்கரம் இரண்டும் சேர்ந்து திரும்பி, வண்டி சுவரைத் தொடாமல் வளைந்து வெளியே வந்தது. சின்ன முதலாளி விசில் அடித்தார். படித்தவர்.

முதல் தெரு. இரண்டாவது தெரு. கதவுகளில் ஆட்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை, ரோட்டையே பார்த்தாள். மூன்றாவது தெரு. எங்கள் காலி இடம்.

"இடது" என்றேன். திரும்பவில்லை. "இடதுல திருப்பு. இடம் வந்துருச்சு."

"தெரியுது."

"பிறகு?"

"அந்த முக்கு வரைக்கும் தள்ளுங்க" என்றாள். இப்போது சீட்டில் நன்றாகச் சாய்ந்திருந்தாள்.

தள்ளினோம்.